லேசாகப் பயன்படுத்தியது

உங்கள் ஸ்டேஷன் மின்விசிறியில் பேரிங் தேய்ந்திருக்கிறது. சத்தத்திலேயே தெரிகிறது. ஒரு துளி எண்ணெய் விட்டால் இன்னும் ஆறு மாதம் ஓடும். ஏணி இருந்தால் நானே விடுவேன். வேண்டாம் என்று தலையாட்டுகிறீர்கள். சரி. உங்கள் மின்விசிறி.

நீங்கள் காட்டும் இந்தச் சீட்டில் இருப்பது என் கையெழுத்துதான். 'கார்புரேட்டரும் இன்டேக் மேனிஃபோல்டும் விற்பனைக்கு. வேக ஓட்டத்துக்கு ஏற்றவை. லேசாகப் பயன்படுத்தியது.' உதிரிபாகக் கடைச் சுவரில் ஒரு பலகை இருக்கிறது. அதில் குத்தி வைத்தேன். மூன்று முறை குத்தினேன். மூன்று முறையும் இதே சீட்டுதான். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை, மாற்றத் தேவையும் இருக்கவில்லை. கடைசியாகக் குத்தியபோது அந்த ஜோடி ஓடியிருந்தது மொத்தம் பதினோரு மணி இருபது நிமிடம். இரண்டு வருடத்தில் அவ்வளவுதான். அதை வேறு எப்படிச் சொல்வது?

மறுபடியும் கேட்கிறீர்கள். "இப்ப அது யார்கிட்ட இருக்கு?"

சொல்வேன். மணி எட்டு ஐந்துதான் ஆகிறது. கழற்றிய வரிசையில்தான் பூட்ட வேண்டும். நான் வரிசையாகச் சொல்கிறேன்.

உங்களுக்கு வண்டி வேலை தெரியாது என்று நினைக்கிறேன். கார்புரேட்டர் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும். மேனிஃபோல்டு அந்தக் கலவையை இன்ஜினுக்குள் கொண்டுபோகும். கார்புரேட்டரைக் கடையில் வாங்கினேன். மேனிஃபோல்டை நானே செய்தேன். அலுமினியம். குழாய்களின் உட்புறத்தைக் கையாலேயே பதினாறு நாள் தேய்த்தேன். விரலை விட்டுப் பார்த்தால் சோற்றுக் கரண்டியின் உட்புறம் மாதிரி இருக்கும். நீங்கள் அதைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இந்தக் குரலில் பேசமாட்டீர்கள்.

அதைச் செய்தது என் மனைவியின் தம்பிக்காக. எங்கள் கூட்டத்தில் இருபது முப்பது பேர் இருப்போம். எல்லோரிடமும் ஒரே பழைய மாடல் கார். இன்ஜின் பின்னால் இருக்கும். முன்னால் என்ன நடந்தாலும் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. நல்ல அமைப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மலைப்பாதையில் ஓட்டுவார்கள். எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. வண்டிக்குள் ஒரு சின்ன நோட்டு வைத்து, ஒவ்வொரு ஓட்டமும் எத்தனை நிமிடம் என்று எழுதுவார்கள். புதிய பாகம் போட்டால் புதிய பக்கம். அதனால்தான் எனக்கு நிமிடம்வரை தெரிகிறது.

மைத்துனன் என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். பூட்டி முடித்ததும் இன்ஜினைக் கிளப்பிக் கேட்டான்.

"மாமா, இது வண்டியா, இல்ல புலியா?"

"மெதுவா பழக்கு."

"புலியை யாராவது மெதுவா பழக்குவாங்களா?"

சிரித்துக்கொண்டே போனான். நான்கு மணி நேரம் ஓட்டினான். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். மூன்றாவதில் ஒரு வளைவில் வண்டி வளையவில்லை. அங்கே ஒரு பாறை இருக்கிறது.

அவனை நான் தூக்கி வளர்த்தேன். அதை எழுத வேண்டாம், அது இதில் சேராது.

சாவு வீட்டில் நான் தண்ணீர்க் குடத்தோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முதுகைக் காட்டியபடி டிங்கர் வேலை பார்க்கும் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். "ஆக்சிலேட்டர் ஒட்டிக்கிட்டிருக்கும்யா. வேலை பார்த்தவன் கவனிச்சிருக்க வேணாமா?" குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். தாழ்த்திச் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

முப்பத்தொரு வருடம் வேலை பார்க்கிறேன். என் பட்டறையிலிருந்து போன எந்த வண்டியும் குறையோடு திரும்பி வந்ததில்லை. இந்த வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள்.

நொறுங்கிய வண்டியை நான்தான் பட்டறைக்கு இழுத்து வந்தேன். இன்ஜின் புதிதுபோல இருந்தது. கார்புரேட்டரைக் கழற்றினேன். மேனிஃபோல்டின் விளிம்பில் ஒரு கோடு. நகத்தை வைத்து இழுத்தால் தட்டும், அவ்வளவு ஆழம். பெடலை மிதித்தால் கார்புரேட்டரின் பக்கத்தில் ஒரு லீவர் இறங்கும். முழுக்க மிதித்தால் அதன் நுனி அந்த விளிம்பை உரசிக்கொண்டு போகும். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் ஒரு பேக்கிங் இருக்கிறது, தடித்த அட்டை மாதிரி. அது புதிதாக இருக்கும்போது கார்புரேட்டரைச் சற்று உயர்த்திப் பிடிக்கும், உரசாது. சூடேறிச் சூடேறி மூன்றரை நான்கு மணி நேரத்தில் அது அமுங்கும். எந்தப் பேக்கிங்கும் அமுங்கும். அமுங்கிய பிறகு முழுக்க மிதித்தால் நுனி விளிம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ளக்கூடும். மாட்டினால் காலை எடுத்தாலும் இன்ஜின் முழு வேகத்தில் ஓடும்.

கூடும் என்றுதான் சொன்னேன். நீங்கள் 'மாட்டியது' என்று எழுதுகிறீர்கள். திருத்துங்கள்.

அப்படியே மாட்டினாலும் என்ன? கிளட்சை மிதித்தால் இன்ஜின் தனியாக உறுமும், வண்டி ஓய்ந்துவிடும். சாவியை ஒரு சுற்று திருப்பினால் எல்லாம் நிற்கும். ஒரு நொடி வேலை. வண்டி ஓட்டத் தெரிந்தவன் செய்வான். செய்யாதவன் ஓட்டியதற்கு நான் பொறுப்பா?

ஒரு பொருளில் குறை இல்லை என்று காட்ட ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. அதை ஓட விடுவது. துடைத்தேன், புதிய பேக்கிங் வெட்டினேன், சீட்டு எழுதினேன். பணத்துக்காக என்று எழுதிவிடாதீர்கள். பாதி விலைக்குத்தான் கொடுத்தேன்.

என் வண்டியும் அதே மாடல்தான். நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். அதில் பூட்டியிருக்கலாம். ஆனால் அது நிரூபணம் ஆகாது. செய்தவனே ஓட்டினால் கால் தன்னை அறியாமல் பொருளுக்குச் சாதகமாக நடந்துகொள்ளும். வேறு ஒருவர் ஓட்ட வேண்டும். எதுவும் தெரியாதவராக இருக்க வேண்டும். அதுதான் நேர்மை.

முதலில் வந்தவர் பல் டாக்டர். கவனமான ஆள். மேனிஃபோல்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு துளையாகப் பார்த்தார். விளிம்பில் விரல் நின்றது.

"இது என்ன கோடு?"

"கழற்றும்போது பட்டது."

"பல்லுல இப்படி இருந்தா சொத்தைன்னு சொல்லிடுவேன்."

"அலுமினியத்துக்குச் சொத்தை வராது, டாக்டர்."

"வந்தா உங்ககிட்டயே வரேன். வாயைத் திறந்துக்கிட்டு."

எங்கள் கூட்டத்தில் விற்றவரே பூட்டிக் கொடுக்க வேண்டும். அது வழக்கம். பூட்டிக் கொடுத்தேன். புதிய பேக்கிங்கோடு எல்லாம் சரியாக இருந்தது. மூன்றரை மணி நேரம் ஓட்டினார். பிறகு ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவர். பிழைத்துக்கொண்டார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள், பல மாதம் பேச்சில்லை. ஒருமுறை பார்க்கப் போனேன். என்னைப் பார்த்ததும் வலது காலைக் கண்ணால் காட்டினார். பிறகு கையைக் கட்டிலின் விளிம்பில் வைத்து அழுத்தி அழுத்திக் காட்டினார். வலிக்கிறது போலும் என்று சொல்லிவிட்டு, கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது பேசுகிறார் என்று நினைக்கிறேன். நீங்கள் என்னைக் கூப்பிட்டதிலிருந்தே தெரிகிறது.

வண்டியை அவர் மனைவி என்னிடமே கொடுத்துவிட்டார். "எடுத்துட்டுப் போயிடுங்க. பார்க்கவே முடியல" என்றார். எடுத்துக்கொண்டேன். இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒருவர் தவறிய இடத்தில் இன்னொருவரும் தவறினால் அது தற்செயல். எனக்கு அப்படித்தான் பட்டது. நேராக ஓட்டத் தெரிந்த ஒருவர் வேண்டும். அப்போதுதான் டயர்க்காரர் வந்தார். எங்கள் கூட்டத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வாயிலும்தான்.

"மச்சானை அனுப்பியாச்சு, டாக்டரைப் படுக்க வெச்சாச்சு. அடுத்து யாருன்னு ஊர்ல பந்தயம் கட்டுறாங்க."

"பயமா இருந்தா சீட்டை விட்டுட்டுப் போங்க."

"பயமா? எனக்கா? உங்க கைராசியை என் கால்ராசி பார்த்துக்கும். பூட்டுங்க."

பார்த்தீர்களா? நான் யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கோட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று மணி ஐம்பது நிமிடம்.

அன்று அவருடைய மனைவியும் வண்டியில் இருந்தார். அது எனக்குத் தெரியாது. அந்த அம்மா உட்கார்ந்திருந்த பக்கத்தில் கிளட்ச் இல்லை, சாவி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இதில் நான் ஒப்புக்கொள்வது ஒன்று உண்டென்றால் அதுதான். அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். வாங்க வருபவரிடம் யார் யார் கூட வருவார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுவேன்.

இருவரின் அடக்கமும் முடிந்த வாரம் டயர்க்காரரின் அண்ணன் வண்டியைப் பட்டறைக்கு அனுப்பினார். கழற்றி மேசையில் வைத்திருந்தேன். என் மனைவி தையல்காரி. பட்டறைக்குள் வருவது அபூர்வம். அன்று சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்தவள், கழுத்தில் அளவு நாடாவோடு அங்கேயே நின்றுவிட்டாள்.

"இது என் தம்பி வண்டியில இருந்ததுதானே?"

"ஆமா."

"அப்புறம் டாக்டர் வண்டியில."

"ஆமா."

"இப்ப இவங்க வண்டியில."

நான் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து பார்த்தாள். நூல் பிசகியதைக் கண்டுபிடிக்கிற கண். விரலை நேராகக் கோட்டின் மேலேயே வைத்தாள். இப்போது அங்கே மூன்று கோடுகள் இருந்தன, ஒன்றின் மேல் ஒன்றாக.

"இது இடிக்குதா?"

"லேசா."

"தேய்ச்சு எடுத்துடலாமா?"

"எடுக்கலாம். அரத்தால நாலு இழுப்பு."

"அப்ப எடுங்களேன்."

"எடுத்தா, எடுக்கவேண்டி இருந்துச்சுன்னு ஆயிடும்."

அவள் கோட்டிலிருந்து விரலை எடுத்தாள். பிறகு கேட்டாள். "நாலு இழுப்பா?"

"நாலே நாலு."

"என் தம்பிங்க அவன்."

அரம் கைக்கெட்டும் தூரத்தில்தான் தொங்கியது. அவளே எடுத்திருக்கலாம். எடுத்துத் தேய்த்திருக்கலாம். எடுக்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். உங்களுக்குச் சொன்னது டாக்டரா, அவளா என்று நான் கேட்கப்போவதில்லை. மகள் என்னோடு இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். நான் சமைக்கிறேன், அவள் குறை சொல்கிறாள். உப்பு விஷயத்தில் அம்மாவைப் போலவேதான்.

போனை என் பக்கம் தள்ளுகிறீர்கள். "கூப்பிட்டு, வண்டியை எடுக்க வேணாம்னு மட்டும் சொல்லுங்க. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

நியாயமான ஆள் நீங்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். நான் கூப்பிட்டு எடுக்காதே என்று சொன்னால், அதற்கு என்ன பொருள்? அரத்தால் நான்கு இழுப்பு இழுத்ததற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? எடுக்கவேண்டாம் என்று சொல்லவேண்டி இருந்தது என்று ஆகிவிடும். முப்பத்தொரு வருடம் ஒரு வாக்கியத்தில் போய்விடும்.

மணி எட்டு இருபத்தைந்து. கடிகாரத்தை நீங்கள் பார்த்ததை நான் பார்த்தேன்.

சரி. இப்போது வைத்திருப்பவனை மீசை என்று கூப்பிடுவோம். அவனுக்கு மீசை கிடையாது, வளர்த்துப் பார்த்து வராமல் போனதால் வந்த பெயர். ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. நிதானமானவன். ஆட்டுக்குட்டியை ஏற்றிப்போவதுபோல் வண்டி ஓட்டுவான். இந்த நகரத்தில் எத்தனை பரிசோதனைக் கூடம் இருக்கிறது என்று நீங்கள் மனதுக்குள் எண்ணுவது தெரிகிறது. நிறைய இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மாலை பூட்டினேன். புதிய பேக்கிங். தெருவில் இருபது நிமிடம் ஓட்டிப் பார்த்தோம். பாதிக்கு மேல் மிதிக்கவே இல்லை.

"முழுசா மிதிச்சுப் பார்க்கணும்" என்றேன்.

"பயமா இருக்கு, அங்கிள். இது என்னை இறக்கி விட்டுட்டுத் தனியா போயிடும் போல."

"முழுசா மிதிக்காம ஒரு கார்புரேட்டரைப் பத்தி எதுவும் சொல்ல முடியாது. இப்ப வேணாம். ரெண்டு நாள் பழகட்டும். வெள்ளிக்கிழமை காலைல, ரயில் பாதைக்கு மேல பாலம் ஏறுதில்ல, அங்க ஒரு தடவை முழுசா மிதிங்க."

"ஏன் வெள்ளிக்கிழமை?"

"அதுக்குள்ள சூடேறிப் பழகிடும்."

"சரி, அங்கிள். நீங்க சொன்னா சரிதான்."

தினமும் போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். புதன், வியாழன். நேற்று மாலையோடு சரியாக மூன்று மணி நேரம். இன்று பாலம் வரும்போது மூன்றரை ஆகியிருக்கும். ஆம், இன்று வெள்ளிக்கிழமை. வீட்டிலிருந்து எட்டே முக்காலுக்குக் கிளம்புவான்.

முகத்தை அப்படி வைத்துக்கொள்ள வேண்டாம். அவன் பாலத்தில் ஏறுவான், முழுக்க மிதிப்பான், காலை எடுப்பான், இன்ஜின் அடங்கும். அல்லது அடங்காது, அவன் கிளட்சை மிதிப்பான். நிதானமானவன், மிதிப்பான். பிறகு வேலைக்குப் போய்விடுவான். அப்போது நீங்கள் இந்தத் தாளைக் கிழித்துப் போடலாம். டிங்கர்காரரையும் கூப்பிட்டு இங்கே உட்கார வையுங்கள். அவர் சொன்னதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

தெரிந்தே விற்றேனா என்றால், ஆம், தெரிந்தே விற்றேன். மூன்று முறையும். அது நல்ல பொருள் என்று தெரிந்து விற்றேன்.

நம்பவில்லை. சரி. சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்கிறேன். வாங்க வருபவரிடம் யார் கூட வருவார்கள் என்று கேட்பேன் என்றேன் இல்லையா? மீசையிடமும் கேட்டேன். சிரித்துவிட்டான். "என்ன அங்கிள், உங்களுக்குத் தெரியாததா? உங்க பொண்ணுதான்" என்றான். என் மகளும் அதே பரிசோதனைக் கூடத்தில்தான் வேலை பார்க்கிறாள். ஒரு வருடமாக அவன் வண்டியில்தான் போய் வருகிறாள். அவளை உங்களுக்குத் தெரியும். நேற்று இந்த அழைப்பாணையை வாங்கிக் கையெழுத்துப் போட்டது அவள்தான்.

இப்போது புரிகிறதா? அந்தப் பொருளில் குறை இருக்கிறது என்று எனக்கு எள்ளளவு சந்தேகம் இருந்திருந்தால், என் ஒரே மகளை அதில் ஏற்றுவேனா? புதன்கிழமை அதில்தான் போனாள். வியாழக்கிழமை அதில்தான் போனாள். நானே வாசலில் நின்று கையாட்டினேன். இதைவிடப் பெரிய நிரூபணம் உங்களுக்கு என்ன வேண்டும்?

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டீர்கள். வெளியே யாரையோ கூப்பிடுகிறீர்கள். கதவருகில் திரும்பிக் கேட்கிறீர்கள்.

"இன்னைக்கு? இன்னைக்கு எதுல போனாங்க?"

இன்று பஸ்ஸில் போகச் சொன்னேன். அவள் ஏறி உட்காரும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்தேன்.